பழகிவிட்டால் போதுமா?

நர்சிங் முடித்து முதல் வேலைக்கு வருகிற பெண்ணுக்கு வார்டில் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: "போகப் போகப் பழகிடும்." முதல் சாவைப் பார்த்துவிட்டு, மறைவாகப் போய் அழுது, முகம் கழுவி வருகிறவளிடம் மூத்த சிஸ்டர்கள் அன்போடுதான் இதைச் சொல்கிறார்கள். அவளுக்கு வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. அதற்குள் ஓர் உடலிலிருந்து ஊசிக்குழாயை எடுத்து, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, கேஸ் ஷீட்டில் நேரம் எழுதியிருக்கிறாள். எழுதி முடிப்பதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து "சிஸ்டர், குளுக்கோஸ் தீர்ந்துபோச்சு" என்று குரல் வருகிறது. போகத்தான் வேண்டும். இப்படிப் பழகிப்போவதைத் தொழிலில் வளர்ச்சி என்று சொல்லலாமா?

பழக்கம் வேண்டும் என்கிறவர்கள் பக்கம் பெரிய நியாயம் இருக்கிறது. திருக்கோகர்ணத்திலிருந்தும் புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் பிரசவத்துக்கு வரும் குடும்பங்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த இடம் அரசு ராணியார் மருத்துவமனை. அங்கானாலும் வேறு எங்கானாலும் பிரசவ வார்டின் விதி ஒன்றுதான். குழந்தை பிறந்த முதல் இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை தாயின் நாடி, ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அடிவயிற்றில் கை வைத்து, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஆக்ஸிடோசின் தயாராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பயந்து நிற்கிறவளின் இரக்கத்தால் தாய்க்கு ஒரு பயனும் இல்லை. பலமுறை செய்து பழகிய கைதான் காப்பாற்றும். துக்கத்தை வெளியே காட்டாத சிஸ்டரைக் கல்நெஞ்சக்காரி என்று பேசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. செவிலி உடைந்து அழுதால், பெற்ற தாயை இழந்து நிற்கிறவர் அவளுக்கும் சேர்த்து ஆறுதல் சொல்ல வேண்டி வரும்.

ஆகவே கண்ணீரை அளவுகோலாக வைக்க முடியாது. ஆனால் கை பழகும்போது கூடவே வேறொன்றும் பழகிவிடுகிறது. பிரசவ வலியில் கத்துகிற பெண்ணிடம் "இப்ப கத்தி என்ன செய்ய?" என்று எரிந்துவிழுவது எங்கோ ஒருமுறை நடக்கிற காரியம் அல்ல. பிரசவ அறையில் தாயை மரியாதையோடு நடத்த வேண்டும் என்பதை 2017இல் மத்திய அரசு 'லக்ஷ்யா' திட்டத்தில் எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை புரியும். இப்படித் தொலைந்துபோவது இரக்கம். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை அரைக்காசு அம்மன் என்று கும்பிடுகிறவர்கள், தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். பொருள் தொலைந்தால் தேடத் தோன்றும். இரக்கம் போனது, போக்கடித்தவளுக்கே தெரிவதில்லை. "இப்ப கத்தி என்ன செய்ய" என்பது முதல்முறை வாயிலிருந்து வந்த அன்று அவளுக்கே உறுத்தியிருக்கும். அடுத்த மாதம் உறுத்தாது. அந்த உறுத்தல் நின்றுபோவதைத்தான் கவனிக்க வேண்டும், அழுகை நின்றுபோவதை அல்ல.

டியூட்டி மாறும்போது "ஏழாம் நம்பர் பெட், காய்ச்சல் குறையலை" என்று சொல்வதைக் கவனியுங்கள். அவசரத்தில் அது வசதி. ஆனால் மருந்து கொடுக்கும் முன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, பதிவு எண்ணோடு சரிபார்க்க வேண்டும், கட்டில் எண்ணை நம்பக்கூடாது என்பதுதான் நோயாளி பாதுகாப்பு விதி. கட்டில்கள் மாறும், ஆள் மாறி ஊசி விழும். பெயர் கேட்கும் அந்தச் சிறிய நடைமுறையில், நோயாளியை ஆளாக மதிப்பதும் அவர் உயிரைக் காப்பதும் ஒரே வேலையாகிவிடுகிறது. கனிவு என்பது வேலை முடிந்த பிறகு செய்கிற உபரிக் காரியம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர் மருத்துவர். மரணம் அவருக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்த ஒரு மரணத்துக்கு அவர் பழகிக்கொள்ளவில்லை. ஆண்டுக்கணக்காக அரசிடம் கேட்டு, பணம் திரட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு தொடங்கினார். துக்கத்தை அடக்கத் தெரிந்தவர்தான், ஆனால் அதை மறக்கவில்லை. தொழிலில் வளர்வது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் முத்துலட்சுமியைக் காட்டி ஓர் இளம் செவிலியிடம் "நீயும் அப்படி இரு" என்று சொல்வது அநியாயம், அவள் நிற்கிற இடத்தைப் பார்க்காவிட்டால். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றப் பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. நைட் டியூட்டியில் முழு வார்டையும் ஒருத்தியே பார்ப்பது பல இடங்களில் நடக்கிறது. தமிழக அரசு 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக, தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தது. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகமான டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் சம்பளத்தை ஆராய 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. சிறிய ஊர்களின் நர்சிங் ஹோம்களில் வேலை பார்க்கும் பெண்களைக் கேட்டால் அந்தத் தொகை அவர்களுக்கு எவ்வளவு தூரம் என்று தெரியும்.

இந்த நிலையில் "சேவை மனப்பான்மை இல்லை" என்று அவளைக் குறை சொல்வது, சுமையை ஏற்றியவர்கள் தப்பித்துக்கொள்ளும் பேச்சு. முப்பது பேருக்கு ஓடுகிறவள் முதலில் விடுவது பெயர் கேட்பதை, அடுத்து கண்ணைப் பார்த்துப் பேசுவதை. அதற்காக வலியில் கிடப்பவளைத் திட்டலாம் என்று ஆகாது. அந்தக் கட்டிலில் கிடக்கிறவள் செவிலியின் சம்பளத்தையும் நிர்ணயிக்கவில்லை, ஆள் பற்றாக்குறையையும் உண்டாக்கவில்லை. பழியில் பெரும்பங்கு நிர்வாகத்துக்கு, சிறுபங்கு அவளுக்கு. அந்தச் சிறுபங்கை மூத்த சிஸ்டர்கள் அவளுக்கு உரிமையோடு எடுத்துச் சொல்லலாம். "பழகிடும்" என்பதோடு நிறுத்தாமல், "அவங்க பேரு என்னன்னு கேட்டியா?" என்றும் கேட்கலாம்.

உறவினரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவர்கள் டாக்டர் யார், ரூம் வாடகை எவ்வளவு என்று கேட்கிறார்கள். ராத்திரி இந்த வார்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை சிஸ்டர் என்றும் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். அவள் எழுதினால் வேலை போய்விடும், நீங்கள் எழுதினால் போகாது.