அச்சும் ஒரு சாட்சியே

தரங்கம்பாடிக்கு 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகளை இவ்வூரிலேயே வார்த்தனர். 1715-இல் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. எழுத்தைச் சிறிதாக்கினார்களே அன்றிச் சிதைக்கவில்லை.

அதே ஊரில் மூதாட்டி ஒருவரின் செபப்புத்தகத்தில் ஓர் அஞ்சலட்டையைக் கண்டேன். ஊதாரி மைந்தன் தந்தையின் முன் மண்டியிடும் ரெம்பிராண்டின் ஓவியம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்திலுள்ள மூல ஓவியம் இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரமுடையது; அட்டையோ உள்ளங்கை அளவு. அதன் நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகிக் கிடந்தன. மகனின் முதுகில் படிந்த கைகளுள் ஒன்று கருமையில் மறைந்துவிட்டது.

"தகப்பன் ஒரு கையாலேதான் அணைக்கிறாரா, தம்பி?" என்று அம்மூதாட்டி கேட்டார்.

பக்திக்குப் படத்தின் தரம் தேவையா? உருவத்திற்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று 787-இல் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் போதித்தது. ஆகவே மங்கிய படத்தின் முன்னும் அவருடைய செபம் குறைவுபடாது. ஆனால் இது செபிப்பவருக்குரிய ஆறுதலே. அச்சிடுபவருக்குரிய சாக்கு அன்று.

அருள்தந்தை ஹென்றி நூவென் 1983-இல் பிரான்சில் இவ்வோவியத்தின் அச்சுப்படம் ஒன்றையே முதலில் கண்டார். அது அவரை விடவில்லை. 1986-இல் மூல ஓவியத்தின் முன் நெடுநேரம் அமர்ந்தார். தந்தையின் கைகளுள் ஒன்று ஆணின் வலிய கை, மற்றொன்று பெண்ணின் மெல்லிய கை எனக் கண்டு, இறைவனிடம் தந்தைமையும் தாய்மையும் இணைந்திருப்பதை 1992-இல் வெளியான தம் நூலில் எழுதினார். நம் அட்டையிலோ அந்த இரண்டாம் கையே இல்லை.

மூலத்தைக் காணச் செல்ல வசதியுள்ளவர் அச்சின் பிழையைத் தாமே திருத்திக்கொள்வார். செல்ல இயலாதவருக்கு அந்த அட்டையே ஓவியம். "எளியோர்க்கு இது போதும்" என்று எண்ணி அச்சிடுபவர், சரிபார்க்க வழியற்றவரிடம் பொய்ச் சாட்சி சொல்கிறார். எட்டாம் கட்டளை நாவுக்கு மட்டுமா, மைக்கும் உரியதன்றோ? மறைக்கல்வி நூலுக்கும் திருவிழா அட்டைக்கும் படம் தேரும் நாமும் இக்கேள்விக்கு விலக்கல்லர்.

"இரண்டு கைகள் பாட்டி. ஒன்று அச்சில் விழவில்லை" என்றேன். அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, மறைந்த அந்தக் கையைத் தேடிக்கொண்டிருந்தார்.