குழந்தைக்கு முதல் கத்தி

சமையலில் ஆசையுள்ள குழந்தையிடம் கத்தியைக் கொடுக்கலாமா என்பது அறம் சார்ந்த கேள்வியும்கூட. தத்துவார்த்த சூத்திரம் என்னும் சமண நூல், கவனம் தவறிய செயலால் உயிருக்கு ஊறு விளைவதையே இம்சை என்கிறது. அப்படிப் பார்த்தால் கத்தியைவிடக் கவனமே முக்கியம். கத்தியைப் பொறுத்தவரை, மழுங்கியதுதான் உண்மையில் ஆபத்து: தக்காளித் தோலில் இறங்காமல் வழுக்கும், குழந்தை இன்னும் அழுத்தும், கத்தி விரலில் பட்டுவிடும். ஆகவே சுமார் 10 சென்டிமீட்டர் அலகு, உருண்ட முனை, சின்னக் கைக்குள் அடங்கும் பிடி, நல்ல கூர் உள்ளதே ஏற்றது. காயைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகளை உள்ளே மடக்கி வெட்டப் பழக்க வேண்டும். நற்பண்பும் கைத்தொழிலைப் போலச் செய்துசெய்தே வருவது என்றார் அரிஸ்டாட்டில், கவனமும் அப்படித்தான். வெட்டிப் பழக முதலில் வாழைப்பழம், பிறகு வெள்ளரி. கேரட் உருளும், அதைப் பெரியவர் நீளவாக்கில் பிளந்து தர வேண்டும்.