கோணல் காலும் கருணைப் பாலும்



நம்மில் பலர் சட்டென்று சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "அது அதோட கர்மா." எதற்காக இதைச் சொல்கிறோம்? புரிந்துகொள்ளவா, நழுவிக்கொள்ளவா?

எங்கள் கோயில் கொட்டகையில் ஒரு தெருநாய் 4 குட்டி போட்டது. ஒன்றுக்கு மட்டும் முன்னங்கால் இரண்டும் உள்பக்கம் வளைந்திருந்தன. தாயும் அதை ஒதுக்கிவிட்டது. பார்த்த பெரியவர் ஒருவர், "போன பிறவி வினை, தம்பி. விட்டுடுங்க, அதுவா போயிடும்" என்றார். திருமுறை வகுப்புப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தாயை இழந்த 12 பன்றிக்குட்டிகள் வருகின்றன. அவை யார்? தவத்தில் இருந்த வியாழ பகவானுக்கு இடையூறு செய்து சாபம் வாங்கிய பிள்ளைகள். வினை உண்மைதான். ஆனால் சொக்கநாதர் கணக்குப் பார்த்தாரா? தாய்ப்பன்றியாகவே வந்து பால் கொடுத்தார். பிறகு அவர்களைப் பாண்டியனுக்கு மந்திரிகளாகவும் ஆக்கினார். அப்போதும் அவர்கள் முகம் பன்றி முகம்தான். கோணல் நிமிர்ந்த பிறகுதான் மரியாதை என்று இறைவன் சொல்லவில்லை.

பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டார்கள். கால்நடை மருத்துவர் வழி காட்டினார். கண் திறக்காத குட்டியால் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. ஆகவே முதலில் சூடு, அப்புறம்தான் பால். மாட்டுப்பால் ஆகாது, குட்டிநாய்க்கென்று விற்கும் பால்மாவுதான். குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடித்தால் புரையேறிடும்; வயிறு கீழே இருக்கணும். குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவணும், அப்போதான் சிறுநீர் போகும். தரை வழுக்காமல் இருக்க முரட்டுத் துண்டு. எலும்பு இளசாக இருக்கும்போதே கவனித்தால் ஓரளவு நிமிரலாம் என்று மருத்துவரே மெத்தென்று கட்டுப் போட்டார். நாமாகக் கட்டக் கூடாது. தைப்பூசத்தில் பால்குடம் தூக்கிய கைகள், ராத்திரி 2 மணிக்குச் சில சொட்டுப் பாலை ஏந்தி நின்றன. எனக்கு இரண்டும் ஒரே வழிபாடாகத்தான் தெரிந்தது.

குட்டி இப்போது நடக்கிறது. ஒரு கால் இன்னும் கோணல்தான். விழும், எழும்.

இளையோரே, "அதோட கர்மா" என்ற சொல் நாய்க்குட்டியோடு நிற்பதில்லை. உடற்குறையோடு பிறந்த பிள்ளையின் தாயிடமும் "என்ன பாவம் செஞ்சியோ" என்று கேட்க வைக்கிறது. கல்யாண வீட்டில், கோயில் வரிசையில் அந்தத் தாய் இதைக் கேட்டுத் தலைகுனிகிறாள். நம் சமயம் அதற்காக வினையைப் பற்றிப் பேசவில்லை. என் வினையை நான் ஆராயலாம். அடுத்தவர் வினைக்குத் தீர்ப்பு எழுத எனக்கு அதிகாரம் இல்லை. அவர் துன்பம் என் கண்ணில் பட்டால், அங்கே எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்றுதான் பொருள்.

இனி அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்தால், அதை விழுங்கிவிட்டுக் கையை நீட்டுங்கள்.

திருச்சிற்றம்பலம்.