இரு பதிவேடுகள்: ஒளிச்சிகிச்சையின் தரம் பற்றிய ஓர் அறவியல் வினா

ஒரு வைத்தியசாலையின் சேவை தரமானதா என ஆராயப் புகுவோர் யாரைக் கணக்கில் எடுத்தல் வேண்டும்? வந்தவரை மட்டுமா, வர இயலாது இடையில் நின்றவரையுமா? எண்ணிக்கை பற்றியதாய்த் தோன்றும் இவ்வினா உண்மையில் அறம் பற்றியதாகும். சொரியாசிஸ் நோயாளருக்கான ஒளிச்சிகிச்சையைச் சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் நின்று நோக்குமிடத்து இது புலனாகும்.

ஒளியாற் சருமக் காசநோயைக் குணப்படுத்தியமைக்காக டென்மார்க்கின் நீல்ஸ் பின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். சொரியாசிசுக்கு இன்று பெரிதும் பயன்படுவது ஏறத்தாழ 311 நனோமீற்றர் அலைநீளமுடைய குறும்பட்டைக் கழியூதாக் கதிராகும். நாள்முழுதும் வெயிலில் நிற்கும் தொழிலாளிக்கு விளக்கொளி எதற்கு எனக் கேட்போர் உளர். வெயிலை அளந்து கொடுக்க முடியாது என்பதே விடை. சிகிச்சையிலோ கண்ணுக்குக் காப்பிட்டு, சிறிய அளவில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாக இரண்டு மூன்று மாதங்கள் ஒளி படிப்படியாகக் கூட்டப்படுகிறது. இடையிற் பல நாள் தவறின் அளவைக் குறைக்கவோ மீண்டும் தொடங்கவோ நேரும். ஆகவே, தவறிய நாளின் இழப்பு அந்நாளோடு தீர்வதில்லை.

மருத்துவத்தின் தரத்தை அமைப்பு, செயன்முறை, விளைவு என மூவகையில் அளக்கலாம் என 1966இல் அவெடிஸ் டொனபீடியன் எடுத்துக்காட்டினார். விளக்குகளின் வலு அளக்கப்பட்டதா, கதிரின் அளவு குறிக்கப்பட்டதா, தடிப்புகள் தணிந்தனவா எனக் கணக்காய்வாளர் வினவுவது இவ்வழியிலேதான். இவ்வினாக்களை எளியனவாகக் கருதலாகாது. அளவு பிழைத்த கருவி தோலைச் சுட்டுவிடும். ஆயினும், சிகிச்சையை முடித்தோரை மட்டும் கொண்டு விளைவைக் கணித்து, ஏனையோரைச் 'சிகிச்சையைக் கைவிட்டோர்' என ஒரு வரியில் ஒதுக்கும் கணக்காய்வு பாதிக் கணக்கேயாகும்.

இறக்குவானைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிற் பால்வெட்டும் பெண்ணொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பால்வெட்டு விடியலில் தொடங்குவது, கிளினிக்கும் காலையிலேதான். தோட்ட வழக்கில் ஒரு நாள் வேலைப்பதிவு 'பேர்' எனப்படும். வேலை குறையின் 'அரைப் பேர்'. வைத்தியசாலைப் பதிவேட்டில் அவளுக்குப் பேர் விழும் நாளிற் செக்ரோலிற் பேர் விழாது. 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபா நாட்கூலிப்படி பார்த்தாலும், வாரம் இருமுறையாகப் பன்னிரண்டு வாரம் செல்பவள் 24,000 ரூபாவை இழப்பாள். பஸ் கட்டணம் வேறு. அவள் எட்டாம் வாரத்தில் நின்றுவிட்டால், கைவிட்டவள் அவள்தானா?

கூலிக்கும் பாதைக்கும் வைத்தியர் பொறுப்பாளியல்லர் எனச் சிலர் மறுப்பர். அது மெய்யே. ஆனாற் குற்றம் யாருடையது என்பது ஒன்று. கணக்கில் யார் இடம்பெறுவர் என்பது மற்றொன்று. முன்னையதிலிருந்து விடுபட்டவர் பின்னையதிலிருந்தும் விடுபட்டவராகார். தொழில் செய்யும் உடலைக் குணமாக்கப் புறப்பட்ட சேவை, அத்தொழிலின் நேரத்தை அறியாதிருப்பது சேவையின் குறையேயன்றி நோயாளியின் குறையன்று.

வீட்டிலேயே பெறும் ஒளிச்சிகிச்சை வைத்தியசாலையிற் பெறுவதற்குப் பயனிற் குறைந்ததன்று என நெதர்லாந்து ஆய்வொன்று 2009இல் காட்டியது. லயன் காம்பிராவில் அதற்கு இடமேது என்பது நியாயமான கேள்வி. ஆயின் பயிற்சி பெற்ற தாதியொருவரும் அளவு சரிபார்த்த கருவியும் தோட்டத்துக்கு அண்மையிலுள்ள மருந்தகத்தில், மாலை வேளையில், இருத்தல் இயலாததன்று. இடையில் நின்ற ஒவ்வொருவரின் ஊர், பயணச் செலவு, இழந்த பேர், நின்ற வாரம் ஆகியவற்றையும் கணக்காய்வு எழுதிக்கொள்ளுமாயின், அக்கருவி முதலில் எங்கே வேண்டும் என்பதை அப்பதிவேடே காட்டும்.