கைவிட்டது மென்பொருள்தான், நீயல்ல!

"எனக்கு லேடெக்கில் படம் வரைய வராது."

யார் சொன்னது? உன் நெறியாளரா? இல்லை. நீயேதான் சொல்லிக்கொண்டாய்!

125 மைக்ரான் பருமனுள்ள கண்ணாடி இழையைச் சீராக வெட்டி, ஸ்பிளைசரில் ஒட்டவைத்தவன் நீ. எர்பியம் இழையில் 980 நானோமீட்டர் ஒளியை ஏற்றி, 1550-க்குப் பக்கத்தில் வளைய லேசரை வரவழைத்தவன் நீ.

அந்தக் கைக்கா ஒரு வட்டம் வரைய வராது?

"என் கருவிக்கான குறியீடு நான் பார்த்த தொகுப்பில் இல்லையே!"

இல்லையா? உண்டாக்கு! டில் டான்டௌ தன் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் படம் வேண்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து, லேடெக்கில் படம் வரையும் டிக்ஸ் தொகுப்பு ஆனது. நீ கேட்பதும் படம்தானே?

போலரைசேஷன் கன்ட்ரோலரை எடுத்துக்கொள். ஒரு கோடு, மூன்று வட்டம். அவ்வளவுதான்! வட்டத்தின் மையத்தைக் கோட்டிலிருந்து சரியாக ஆரத்தின் அளவு மேலே தூக்கு. வட்டம் கோட்டைத் தொட்டு நிற்கும். கோட்டையும் வட்டங்களையும் சேர்த்து ஒரு 'பிக்' (டிக்ஸில் மறுபடி மறுபடி பயன்படுத்தும் சிறு படம்) ஆக்கிப் பெயர் வை. பிறகு ஒரே வரியில் கூப்பிடு. திருப்பு, சிறிதாக்கு, பத்து இடத்தில் வை!

ஐசொலேட்டரா? ஒரு பெட்டி, உள்ளே ஓர் அம்பு. ஆனால் அம்பில் அசட்டை வேண்டாம்! அதை மாற்றிப் போட்டால் உன் வளையத்தில் ஒளி எதிர்த்திசையில் சுற்றுவதாகிவிடும். படிப்பவர் உன் சோதனையையே சந்தேகிப்பார்.

சிவப்பில் பிழைச்செய்தி வந்ததும் மூடிவிட்டாயா? முழுதாகப் படித்தாயா?

ஓர் அரைப்புள்ளி விடுபட்டால், "இந்தப் பாதையைக் கைவிடுகிறேன், அரைப்புள்ளியை மறந்தாயா?" என்றுதான் டிக்ஸ் கேட்கிறது. கைவிட்டது மென்பொருள்! நீ ஏன் கைவிடுகிறாய்? அரைப்புள்ளியைப் போடு. மறுபடி ஓட்டு!

டொனால்ட் நூத் தன் நூலின் அச்சுப்படி அழகாக இல்லை என்று 1977-இல், லேடெக்குக்கு அடித்தளமான டெக் மென்பொருளை எழுத இறங்கினார். சீக்கிரம் முடியும் என்று நினைத்தது பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. விட்டாரா அவர்? நீ ஒரே மாலையில் சலித்துக்கொள்கிறாய்!

தோற்றுவிடுவோமோ என்ற பயமா? கோணலாக வந்த முதல் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எண்ணை மாற்று. மீண்டும் ஓட்டு. மீண்டும்!

யாருடைய கட்டுரையிலிருந்தோ வெட்டி ஒட்டிய அந்த மங்கலான படத்தை இன்றே உன் ஆய்வேட்டிலிருந்து தூக்கு. அந்த இடத்தில் உன் முதல் வட்டத்தை வரை!