வழித்துணையின் ஹக்கு

இருவர் சேர்ந்து நீண்டதொரு மலைவழியில் ஓடப் புறப்படுகிறார்கள். ஒருவருக்குக் கால்வலிமை அதிகம், மற்றவருக்குக் குறைவு. முதல் ஏற்றத்திலேயே இது தெரிந்து விடுகிறது. வலியவர் மேலே போய் நின்று காத்திருக்கிறார். அந்தக் காத்திருத்தலுக்கு என்ன பெயர் சொல்வது? உபகாரமா, கடனா? நம்மில் பலர் சற்றும் யோசிக்காமல் உபகாரம் என்றே சொல்வோம். பெருந்தன்மை என்று புகழவும் செய்வோம். இந்தப் பதிலில் ஒரு கோளாறு இருக்கிறது.

மலையில் ஓடுவோரின் வழக்கு நமக்கெதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். குடும்பத்திலும் கூட்டு வியாபாரத்திலும் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டவர் என்ற கணக்கு மங்கலாகவே இருக்கும். மலையிலோ அது மூச்சிரைப்பாகவும் நடுக்கமாகவும் கண்முன்னே தெரிகிறது. ஆகவே அங்கே வைத்துப் பார்ப்பது எளிது.

இங்கிலாந்தில் ஜெர்ரி சார்ன்லி என்பவர் 1968-ல் ஒரு மலையோட்டப் போட்டியைத் தொடங்கினார். நீண்ட காலம் காரிமோர் என்ற முதுகுப்பை நிறுவனத்தின் பெயரால் வழங்கிய அது, இப்போது ஒரிஜினல் மவுண்டன் மாரத்தான் எனப்படுகிறது. அக்டோபர் மாதக் கடைசியில், மழையும் காற்றும் மலைகளை ஆளும் காலத்தில், இரண்டு நாள் நடக்கும். இருவர் இருவராகத்தான் ஓட வேண்டும். கூடாரம், உறக்கப் பை, உணவு, அடுப்பு எல்லாவற்றையும் தாமே சுமக்க வேண்டும். பாதை என்று எதுவும் போட்டுக் கொடுக்கப்படுவதில்லை. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு அடையாள இடங்களைத் தேடிக் கண்டுபிடித்துச் செல்ல வேண்டும். இருவரும் பிரியக் கூடாது. ஒருவர் முன்னே ஓடி முடித்தார் என்பதற்கு அங்கே மதிப்பே கிடையாது. பிந்தி வருபவரின் நேரம்தான் இருவரின் நேரம்.

இந்த விதியைக் கூர்ந்து பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்து விடுகிறது. ஜோடியாகப் பெயர் கொடுத்த அன்றே வலியவரின் வேகம் அவருடைய தனிச்சொத்தாக இருப்பது நின்று விட்டது. அதில் துணைவருக்கும் பங்குண்டு. பங்குக்காரனுக்கு அவன் பங்கைக் கொடுத்துவிட்டு, தர்மம் செய்தேன் என்று யாராவது சொல்லிக் கொள்வார்களா? எனவே காத்திருத்தல் துணைவரின் ஹக்கு. ஜமாஅத்தில் தொழவைப்பவர் பின்னே நிற்கும் முதியவரையும் நோயாளியையும் கருதித் தொழுகையைச் சுருக்கிக் கொள்கிறார். அவர் தமக்கு ஏதோ நன்கொடை கொடுத்ததாக அந்த முதியவர் நினைப்பதில்லை.

பெயரில் என்ன இருக்கிறது, எப்படியும் நின்றார் அல்லவா என்று சிலர் சொல்லக் கூடும். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. உபகாரமாக நின்றவரின் முகத்தைப் பாருங்கள். துணைவர் வந்து சேர்ந்ததும், அவர் மூச்சு வாங்கு முன்பே, "சரி, கிளம்பலாமா?" என்பார். இதுவரை ஓய்வெடுத்தவர் அவர். ஓய்வு தேவைப்படுபவரோ இப்போதுதான் வந்திருக்கிறார்! மலையோட்டக்காரர்கள் எல்லோரும் அறிந்த அநியாயம் இது. துணைவரும் வெட்கத்தால் தலையாட்டி விட்டு ஓடத் தொடங்குவார். தனக்கு இரக்கம் காட்டப்படுகிறது என்று நினைப்பவனால் 'இன்னும் இரண்டு நிமிடம்' என்று கேட்க முடியாது. உரிமையென்று அறிந்தவன் கேட்பான்.

காத்திருத்தல் செலவில்லாத காரியம் என்றும் எண்ணி விடக் கூடாது. ஓடும் உடம்பு சூட்டை உண்டாக்குகிறது. நனைந்த ஆடையோடு காற்றில் நின்றால் அந்தச் சூடு வெகு விரைவில் போய்விடும். மெல்ல நடப்பவர் களைக்கிறார். அவருக்காக நிற்பவரோ குளிரில் விறைக்கிறார். அனுபவசாலிகள் இதனால்தான் நின்று காத்திருப்பதைக் குறைத்துக் கொண்டு, துணைவரின் சுமையில் ஒரு பகுதியைத் தம் பைக்கு மாற்றிக் கொள்கிறார்கள். சிலர் இருவர் இடுப்பையும் ரப்பர்க் கயிற்றால் இணைத்து ஏற்றத்தில் இழுத்துச் செல்வதும் உண்டு. பார்க்கச் சிரிப்பு வரும். நமக்கு அதில் அழகு தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. ஏற்றத்தில் வலியவர் இறக்கத்தில் வலியவராக இருக்க வேண்டுமென்பதில்லை. இறங்கும்போது தொடைத் தசைகள் உடம்பின் பாரத்தைத் தாங்கித் தாங்கி நைந்து போகின்றன. காலையில் முன்னே நின்று முகம் சுளித்தவர் மாலையில் பின்னே நொண்டுவதைக் காணலாம்.

மெலியவர் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம். தன் உடம்பின் நிலையை உள்ளபடி, உரிய வேளையில் சொல்வதே அது. 'எனக்கொன்றுமில்லை' என்ற சொல் மலையில் பணிவாகாது. துணைவர் அந்தச் சொல்லை நம்பித்தான் அடுத்த முகட்டை ஏறுவதா, பள்ளத்தாக்கில் இறங்குவதா என்று தீர்மானிக்கிறார். பொய்யான தகவல் மேல் அவர் எடுக்கும் முடிவு இருவரையுமே ஆபத்தில் தள்ளும். குளிர் மிகுந்து உடல்வெப்பம் தாழ்ந்து போனாலோ, பாதிக்கப்பட்டவரின் புத்தியே முதலில் மழுங்குகிறது. நாக்குக் குழறும், கால் தடுமாறும், ஆனால் தான் நன்றாக இருப்பதாகவே அவர் சாதிப்பார். அந்நிலையில் சொல்லும் பொறுப்பு அவரை விட்டு, பார்க்கும் பொறுப்பாகத் துணைவரின் தலைமேல் வந்து விடுகிறது. ஒருவர் உடம்பு மற்றவர் கண்ணுக்கு அமானிதம்.

2008 அக்டோபர் 25-ம் நாள் இதே போட்டி போரோடேல் பள்ளத்தாக்கில் நடந்தபோது கடும் புயலும் வெள்ளமும் சூழ்ந்தன. போட்டி இடையில் நிறுத்தப்பட்டது. சுமார் 2,500 பேர் கலந்து கொண்டிருந்தனர். அவர்களில் 1,700 பேர் வரை எங்கே என்று தெரியவில்லை என அன்றிரவு செய்திகள் அலறின. விடிந்து பார்த்தால் பெரும்பாலோர் சுமந்து வந்த கூடாரங்களிலும், பண்ணைக் கொட்டகைகளிலும், ஹானிஸ்டர் கணவாயிலுள்ள பலகைக்கல் சுரங்கத்திலும் ஒதுங்கி நலமாக இருந்தனர். சிலர் சிகிச்சை பெற்றனர்; உயிர்ச்சேதம் இல்லை. ஏற்பாட்டாளர்கள் முன்னதாகவே நிறுத்தியிருக்க வேண்டாமா என்ற வாதம் அப்போது பலமாக எழுந்தது. அதில் நாம் நுழையவில்லை. கூடாரத்தைச் சுமந்து செல்ல வேண்டுமென்ற விதியும், துணையை விட்டுப் பிரியாதே என்ற விதியும் அந்த இரவில் எதற்குப் பயன்பட்டன என்பதை மட்டும் கவனிக்கிறோம்.

இனி, உண்மையிலேயே கடினமான ஒரு கட்டம். துணைவர் விழுந்து கால் முறிந்து விட்டது. அவரை விட்டுவிட்டு உதவி தேடிப் போகலாமா? மூவர் நால்வராக இருந்தால் ஒருவர் காவலிருக்க மற்றவர்கள் போகலாம். இருவர் மட்டும் என்றால் போவது அவரைத் தனியே விடுவதாகும். இருப்பதோ உதவியே வராமல் போவதாகலாம். முதலில் கூடாரத்தை விரித்து, நனைந்ததைக் களைந்து, அவரை உறக்கப் பைக்குள் இட்டுச் சூடேற்ற வேண்டும். பிறகு விசிலை எடுத்து ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊத வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும் ஆறு. பிரிட்டன் மலைகளில் இது அபாயக் குறி. கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் தருவார்.

பதில் வரவே இல்லையென்றால்? அப்போது போவது துரோகம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அவர் கிடக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக் கொண்டு, எங்கே போகிறோம், எப்போது திரும்பக் கூடும் என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லி, அவர் நினைவோடிருந்தால் அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டே போக வேண்டும். தூங்கி விட்டார், எழுப்ப வேண்டாம் என்று ஓசைப்படாமல் கிளம்புவது கூடாது.