பெற்றுக்கொள்ளப்பட்டது

நெய்வேலி என்றால் எல்லோருக்கும் நிலக்கரிதான் ஞாபகம் வரும். (சரியாகச் சொன்னால், பழுப்பு நிலக்கரி.) அந்த டவுன்ஷிப்புக்குள் இருக்கும் நடராஜர் கோயிலில் இன்னொரு விசேஷம் உண்டு. ஓர் ஆராய்ச்சி மணி, ஒரு மனுப்பெட்டி. குறையை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மணியை அடிக்கலாம். மனுக்களைச் சாமி முன்னால் படித்து, பிறகு எரித்துவிடுவார்கள்.

அங்கே ஒரு பாட்டி என்னிடம் வெள்ளைத் தாளை நீட்டினார்.

"தம்பி, கை நடுங்குது. நீ எழுதிக் குடேன்."

கணவர் இறந்துபோய், வரவேண்டிய பணம் ஏதோ ஓர் அலுவலகத்தில் நிற்கிறதாம். மஞ்சள் பையில் ஒரு கத்தை ரசீது. எல்லாவற்றிலும் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்ப்.

"அங்கேதான் குடுத்தாச்சே பாட்டி, இங்கே எதுக்கு?"

"அங்க வாங்கிக்கிறாங்க. இங்க படிக்கிறாங்கல்ல?"

பேசாமல் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போது இன்னொரு மனுப்பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. பெட்டி இல்லை, பை. லண்டனில், பிரிட்டிஷ் மக்களவையில், சபாநாயகர் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. தொகுதிக்காரர்கள் தரும் மனுவை உறுப்பினர் எழுந்து நின்று சபையில் தரலாம். அல்லது சத்தமில்லாமல் அந்தப் பையில் போட்டுவிடலாம். பழைய நாளில் மனுவின் கடைசி வரி, 'மனுதாரர்கள் கடமைப்பட்டு என்றென்றும் பிரார்த்திப்பார்கள்' என்கிற தினுசில் இருக்கும். அந்தப் பழக்கம் நம் ஊர்க் கோர்ட்டுக்கும் கப்பலேறி வந்தது. மனுவில் கேட்கும் பரிகாரத்துக்கு வக்கீல்கள் இன்றைக்கும் 'ப்ரேயர்' என்றுதான் சொல்கிறார்கள். வேடிக்கையைப் பாருங்கள். சாமிக்கு மனு, கோர்ட்டுக்குப் பிரார்த்தனை!

1842-ல் அந்தச் சபைக்கு ஒரு மனு வந்தது. 'சார்ட்டிஸ்ட்' என்கிற தொழிலாளர் இயக்கத்தினர், ஓட்டுரிமை கேட்டு முப்பது லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி ஊர்வலமாகத் தூக்கி வந்தார்கள். வாசலில் நுழையவில்லை. பிரித்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. சம்பிரதாயப்படி மனுவைப் பெற்றுக்கொண்டார்கள். மனுதாரர்கள் நேரில் வந்து பேசலாமா என்று ஓட்டெடுத்தபோது 287 பேர் வேண்டாம் என்றார்கள், 49 பேர் சரி என்றார்கள். இயக்கத்தின் ஆறு கோரிக்கைகளில் ஐந்து பிற்காலத்தில் சட்டமாயின என்பது உண்மைதான். ஆனால், அதற்குள் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

கேள்வி இதுதான். பதில் சொல்லும் உத்தேசம் இல்லாமல் மனுவை வாங்கிக்கொள்வது மரியாதையா, மோசடியா?

'எல்லாம் வெற்றுச் சடங்கு, தூக்கிப்போடு' என்று சொல்வது சுலபம். தூக்கிப்போட்டால், வாங்குவதற்காக நீளும் கையும் போய்விடும். மறுபக்கம், சடங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கொடுத்தவருடைய கோபத்தை அது ஆற்றிவிடும். 'சொல்லியாச்சு' என்று அவர் வீட்டுக்குப் போய்விடுவார். வாங்கினவருக்கு அதைவிட சௌகரியம் ஏது?

எனக்குத் தோன்றுவது, சடங்கு கொடுப்பவருக்கானது இல்லை. வாங்குபவரைக் கட்டிப்போடுவதற்கானது. லண்டன் பையில் விழும் மனு இப்போது சம்பந்தப்பட்ட அமைச்சகத்துக்குப் போகிறது. இரண்டு மாதத்துக்குள் பதில் எதிர்பார்க்கப்படுகிறது. அந்தப் பதிலும் சபைக் குறிப்பில் அச்சாகிறது. அதனால்தான் அது வெறும் பை இல்லை.

மனுநீதிச் சோழன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மணியடித்த பசுவைத்தான் நாம் கொண்டாடுகிறோம். ஆனால், கதையின் உயிர் தேர்க்காலில் இருக்கிறது. மனுவைக் கேட்ட ராஜா அதற்குத் தன் மகனை விலையாகக் கொடுத்தான். (கடைசியில் சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பினார் என்பது வேறு விஷயம்.) கேட்பவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லையென்றால் ஆராய்ச்சி மணி வெறும் வெண்கலம்தான்.

மனுவை முடித்துக் கொடுத்தேன். பாட்டி பெட்டியில் போட்டு, மணியைப் பலமாக அடித்துவிட்டு வந்தார்.

"தம்பி, இதே மாதிரி இன்னொண்ணு எழுதிக் குடு. திங்கக்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸ் போறேன்."

"சாமிகிட்ட சொல்லியாச்சே?"

"சாமி கேட்டுக்கும். பதில் சொல்ல வேண்டியது இவங்கதானே?"

இரண்டாவது மனுவை இன்னும் கொஞ்சம் நிதானமாக, தேதிகளெல்லாம் போட்டு எழுதினேன்.